ஆல்டர் மடு

மரங்களைக் காணோம்.

இஷ்பெல் மடுவுக்கு இறங்கும் பாதையிலேயே நின்றுவிட்டாள். கரை நெடுக ஆல்டர் மரங்கள் நின்ற இடத்தில் அடிக்கட்டைகள் மட்டும் இருந்தன. வெட்டிய ஆல்டர் கொஞ்ச நேரத்தில் சிவந்துவிடும். கட்டைகள் எல்லாம் சிவந்திருந்தன.

அன்று சால்மன் மீன் பிடிக்கும் பருவத்தின் முதல் நாள். தூண்டில் சங்கத்தார் எல்லாரும் கரையில் கூடியிருந்தார்கள். வருஷா வருஷம் செய்வதுபோல முதலில் ஆற்றுக்கு விஸ்கி ஊற்றியாயிற்று. மிச்சம் கோப்பைகளில் சுற்றிக்கொண்டிருந்தது.

சங்கத்தின் தலைவன் அவள் கணவன் ஸ்ட்ரூவன். அவளைப் பார்த்ததும் கையைத் தட்டி எல்லாரையும் பக்கத்தில் கூப்பிட்டான்.

"இது என் பெண்டாட்டிக்கு நான் குடுக்கற பரிசு. பாவம், இத்தனை வருஷமா மரத்தடியில ஒடுங்கி நின்னே மீன் பிடிச்சா. இனிமே நம்மள மாதிரி தலைக்கு மேல வீசலாம்."

எல்லாரும் கை தட்டினார்கள்.

இஷ்பெல் தட்டவில்லை. அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வீட்டில் திரைச்சீலை மாற்றுவதற்குக்கூட அவளைக் கேட்பவன், இதற்குக் கேட்கவில்லை.

அந்த ஆற்றில் எல்லாரும் தலைக்கு மேல்தான் வீசுவார்கள். கழியை உயர்த்தி, நூலை முதுகுக்குப் பின்னால் நீளமாகப் பறக்கவிட்டு, பிறகு முன்னால் அடிப்பார்கள். ஆல்டர் மடுவில் அது நடக்காது. தூண்டில் முள் போய்க் கிளையில் மாட்டிக்கொள்ளும். அதனால் சங்கத்தில் ஆளுக்கொரு இடம் ஒதுக்கும்போது அந்த இடத்தை யாரும் கேட்பதில்லை.

இஷ்பெல்தான் கேட்டு வாங்கினாள். ஏன் என்று அப்போது ஒருவரும் விசாரிக்கவில்லை.

அங்கே உருட்டு வீச்சு ஒன்றுதான் வழி. நூலைப் பின்னால் பறக்கவிடாமல், பாயை உருட்டி விரிப்பது போலத் தண்ணீர் மேல் விரிக்க வேண்டும்.

ஆரம்பத்தில் அவள் நூல் விரியவே இல்லை. காலடியிலேயே குவியலாக விழுந்தது. பலமாகத் தள்ளினாள். இன்னும் பெரிய குவியலாக விழுந்தது.

புல்வெளியில் பழகிக்கொள்ளும் வித்தையும் இல்லை அது. நூலின் வால் தண்ணீரில் ஒட்டிக்கொண்டிருந்தால்தான் மற்றது உருளும். எனவே கரையோரம் பனிக்கட்டி உறைந்திருந்த நாட்களிலும், மீன் பிடிக்கத் தடையிருந்த மாதங்களிலும், முள் இல்லாத நூலோடு வந்து நின்றாள்.

தப்பு பலத்தில் இல்லை, அவசரத்தில் இருந்தது என்று ஒரு நாள் பிடிபட்டது. நூலை மெதுவாக இழுத்துவர வேண்டும். நிறுத்த வேண்டும். அது தோளுக்குப் பின்னால் தொப்பை போலத் தொங்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். அப்புறம் முழங்கையை விலாவோடு வைத்துக்கொண்டு சின்னதாக ஒரு தள்ளு, சட்டென்று ஒரு நிறுத்தம். அவ்வளவுதான். நூல் உருண்டு உருண்டு எதிர்க்கரைப் பாறை வரை போய்ப் படுத்தது.

இந்த ஆற்றில் அவளைப் போல உருட்ட ஆள் இல்லை என்று தூண்டில் கடை ட்ரமண்ட் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். சம்பாதித்தது என்று அவள் நினைத்துக்கொண்ட ஒரே பேர் அது.

இப்போது அந்த மடுவில் நிழல் இல்லை. வெயில் அடித்தால் மீன் நிற்காது. அதைச் சொன்னால், பரிசு கொடுத்தவனிடம் குறை சொல்கிறாள் என்பார்கள்.

முதல் வீச்சு அவளுடையதுதான் என்று சொல்லி அவளைத் தண்ணீரில் இறக்கிவிட்டார்கள்.

முதுகுக்குப் பின்னால் வெறும் வானம். எல்லார் கண்ணும் அவள் மேல். அவள் நூலை இழுத்தாள், நிறுத்தினாள், பொறுத்தாள், உருட்டினாள்.

அவள் வீசியதிலேயே அழகான வீச்சு அது. ஒரு துளி தெறிக்கவில்லை.

இந்த முறை யாரும் கை தட்டவில்லை. ட்ரமண்ட் கரையிலிருந்து சிரித்தார்.

"மரந்தான் போயிடுச்சே, இஷ்பெல். இன்னும் யாருக்குப் பயந்து கையைத் தூக்காம இருக்கே?"

சிரிப்பு பரவியது. ஸ்ட்ரூவனும் சிரித்தான். பழக்கதோஷம் என்றும், தானே சொல்லிக்கொடுப்பதாகவும் சொல்லிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்தான். அவள் மணிக்கட்டைப் பிடித்தான். செல்லமாகத்தான். பிடித்துத் தலைக்கு மேல் உயர்த்தப் பார்த்தான்.

கை நெஞ்சு உயரத்தில் நின்றுவிட்டது.

அவன் இன்னும் கொஞ்சம் தூக்கினான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் கள்ளம் எதுவும் தெரியவில்லை. கை ஏன் வரவில்லை என்று நிஜமாகவே புரியாமல் நின்றான்.

அவனுக்கு மறந்தே போயிருந்தது.

வலியைவிட அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மாடிப்படியில் விழுந்துவிட்டதாக மருத்துவமனையில் சொன்னவள் அவள். ட்ரமண்டிடமும் அதையே சொன்னாள். தேவாலயத்திலும் அதையே சொன்னாள். சாகும்வரை அப்படியே சொல்லியிருப்பாள். மரங்கள் இருந்தவரை யாரும் மறுபடி கேட்கவும் இல்லை.

"அதுக்கு மேல வராது, ஸ்ட்ரூவன்," என்றாள். "நீ முறுக்கி ஒடிச்ச தோள் இது."

குரலை உயர்த்தவில்லை. ஆனால் தண்ணீர் மேல் பேச்சு தூரம் போகும். கரையில் சிரிப்பு நின்றது.

"விடு," என்றாள்.

இந்தத் தடவை விட்டான்.