நம்பர் போட்ட மரம்

"இந்த மரத்துக்கும் ஒரு நம்பர் போட்டுடேன் பாப்பா" என்றாள் கோவிந்தம்மாள், தறிக்கான, கஞ்சி போட்ட பாவு நூலைக் காய்வதற்காகத் தெருவில் நீட்டிக் கட்டியபடியே.

பெர்சிஸ் பெயின்ட் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்தே பல நாள் ஆகியிருந்தது.

"அக்கா, என் இஷ்டத்துக்குப் போட முடியாது. எந்தெந்த மரத்தை அளக்கணும்னு முன்னாடியே சீட்டுக் குலுக்கி முடிவு பண்ணியாச்சு."

"ஏன், தூங்குமூஞ்சி மரம்னா அவ்ளோ இளப்பமா? எம்மாம் பெருசா நிக்குது பாரு. நீதானே சொன்னே, பெரிய மரம்தான் காத்துல இருக்கிற கெட்டதை நெறைய இழுத்து வெச்சிக்கினு இருக்கும்னு?"

பெர்சிஸ் அந்த மரத்தை அண்ணாந்து பார்த்தாள். தெரு முழுக்கத் தொண்டை வறளச் சொன்ன விஷயம். ஒரு ஆளாவது காதில் வாங்கியிருக்கிறாளே!

மேட்டுப்பாளையத்தில் வனவியல் எம்.எஸ்ஸி. படிக்கும் நாகர்கோவில் பெண் அவள். பூமி சூடாகிக்கொண்டே போகிறது, ஊர்ப்புறத்து மரங்கள் அதை எவ்வளவு தாங்கிப் பிடிக்கின்றன என்பதுதான் ஆய்வு. மரத்தைச் சுற்றி நாடா பிடித்து அளந்து, நம்பர் எழுதிவிட்டு, மறு வருஷம் வந்து அதே மரத்தைத் திரும்ப அளக்க வேண்டும். கூடப் படித்தவர்களெல்லாம் கல்லூரி நர்சரியிலேயே ஆய்வை வைத்துக்கொண்டு அரட்டையும் கும்மாளமுமாக இருந்தார்கள். இவள் மட்டும் திருத்தணியில் அறை எடுத்து, தினமும் பஸ் பிடித்துப் பொதட்டூர்பேட்டைக்குப் பக்கத்து இந்த நெசவுக் கிராமத்துக்கு வந்துபோனாள். கிருத்திகை என்றால் திருத்தணியே காவடியும் கூட்டமுமாகத் திமிலோகப்படும். அத்தனை பேரில் இவளிடம் 'சாப்பிட்டியா' என்று கேட்க ஒரு நாதி கிடையாது.

கிராமத்திலோ இன்னும் மோசம். முன்பு ரோடு அகலப்படுத்த வந்தவர்களும் இப்படித்தான் மரங்களுக்கு வெள்ளை பெயின்டில் நம்பர் போட்டுவிட்டுப் போனார்கள். பின்னாலேயே ரம்பம் வந்தது. அதிலிருந்து நம்பர் போட வந்தவர் என்றாலே மரம் வெட்ட வந்தவர்தான். பெர்சிஸ் டீக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். குடிக்கத் தண்ணீர் கேட்டால் கதவு சாத்திக்கொள்ளும்.

கோவிந்தம்மாளின் பக்கத்து வீட்டு சுப்பிரமணி மூஞ்சிக்கு நேராகவே கேட்டான். "எப்ப மேடம் வெட்டப் போறீங்க? அதையாவது சொல்லிட்டுப் போங்க."

"வெட்டறதுக்கு இல்லீங்க. சத்தியமா அளக்கறதுக்குத்தான்."

"ஆங், போன தபா வந்தவங்களும் இதேதான் சொன்னாங்க."

ஒரே ஒருத்தர் நம்பினால் போதும் என்று அவள் ஏங்கிக் கிடந்தபோதுதான் கோவிந்தம்மாள் கூப்பிட்டு உட்காரவைத்துக் கூழ் ஊற்றினாள். என்ன படிப்பு, எதற்கு நம்பர் என்று நோண்டி நோண்டிக் கேட்டாள்.

"அப்போ, நம்பர் போட்டா கவருமெண்டு வெட்டாது?"

"வெட்டவே வெட்டாதுக்கா."

"நெசமா?"

"என்மேல சத்தியமா."

"நான் நம்புறேன் பாப்பா. எவன் இன்னா சொன்னாலும் சரி."

அந்த ஒரு வார்த்தைக்கு ஆய்வு விதியாவது, மண்ணாவது! கோவிந்தம்மாள் வீட்டு வாசலுக்கு மேல் குடை விரித்து நின்ற அந்த மரத்துக்கும் பெர்சிஸ் நம்பர் எழுதினாள்.

"நல்லா பெருசா எழுது பாப்பா. தெருக்கோடியிலேர்ந்து தெரியணும்" என்றாள் கோவிந்தம்மாள்.

அடுத்த வருஷம் பெர்சிஸ் நாடாவோடு, அம்மா செய்து கொடுத்த முந்திரிக்கொத்தும் கொண்டுவந்தாள். எனக்கு அங்கே ஒரு அக்கா இருக்கிறாள் என்று ஹாஸ்டல் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

தெருவுக்குள் திரும்பியதும் வெயில் பளீரென்று முகத்தில் அறைந்தது. தூங்குமூஞ்சி மரம் இருந்த இடத்தில் அடிக்கட்டைதான் இருந்தது.

"அக்கா! மரம் எங்கே?"

"சுப்பிரமணி மரவாடிக்கு வித்துட்டான். கவருமெண்டு சும்மா தூக்கிக்கினு போறதுக்கு முன்னாடி நாமளே வித்துடலாம்னு பயந்து அறுத்துட்டான்."

"சுப்பிரமணியா? அது உங்க மரம்தானே?"

"நான் எப்போ அப்படிச் சொன்னேன்? அது அவன் மரம். கொக்கு எச்சம் பாவு மேல வுழுது, நெழல்ல கஞ்சி காயமாட்டேங்குது, வெட்டுடான்னு எத்தினி வருசமா கெஞ்சினேன்! காதுலயே போட்டுக்கல."

பெர்சிஸின் குரல் உடைந்தது. "நான் வெட்ட வரலைன்னு நீங்களாவது அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே! நீங்க என்னை நம்பினீங்கதானே அக்கா?"

கோவிந்தம்மாள் வாஞ்சையாக அவள் கன்னத்தைத் தடவினாள். "இந்த ஊர்ல உன்னை நம்பினவ நான் ஒருத்திதான் பாப்பா. அவன் நம்பமாட்டான்னு தெரிஞ்சுதானே நம்பர் போடச் சொன்னேன்!"