பொம்மை எடுத்த அளவு

புற்றுக்கட்டியோடு கோமதிநாயகத்தின் நான்கு விலா எலும்புகளும் போய்விட்டன. புது மார்புச் சுவர் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. அது எவ்வளவு அழுத்தம் தாங்க வேண்டும் என்பதை வீட்டார்தான் காட்ட வேண்டும். அதற்காக, அளவெடுக்கும் ரிஸ்வானா ஒரு ரப்பர் பொம்மையை அவர் படுத்திருந்த அறைக்குள் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“சாரை எப்படிக் கட்டிப்பிடிப்பீங்களோ, அப்படியே பிடிங்கம்மா. கொறச்சுப் பிடிச்சா எலும்பு மெலிசா வளந்துரும்.”

செண்பகவல்லிக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் நாலு பேர் முன்னால் கணவர் கையைக்கூட அவள் தொட்டதில்லை. பொம்மையின் தோளை விரல் நுனியால் தொட்டாள். பொம்மையோடு இணைத்திருந்த அளவுத் திரையில் பூஜ்யம் விழுந்தது.

“இது ஒரு இருமலுக்குக்கூடத் தாங்காதும்மா.”

செண்பகவல்லி ரிஸ்வானாவை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். இருபது நாளாக அடக்கிவைத்த பயமெல்லாம் கைக்கு வந்து சேர, பொம்மையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

கதவு திறந்ததும் ரிஸ்வானா திரையைப் பார்த்துத் திகைத்தாள். “அம்மா, இதுக்கு ரெண்டு மடங்கு தடிமனா வளக்கணுமே.”

“வளக்கட்டும்,” என்றார் கோமதிநாயகம், கட்டிலில் படுத்தபடியே. “மொதல்ல அந்தப் பொம்மைய வெளிய கொண்டு போங்க.”