பஞ்சில் சிக்காத விளிம்பு

ஜன்னல் வெளிச்சம் மேசைமேல் பரப்பிய எலும்புகளில் சாய்ந்து விழுகிறது. கழுத்தோடு கிடைத்த பட்டாளத்து எண் வில்லை ஆளை ஏற்கெனவே சொல்லிவிட்டது: கதவோரம் பையை மடியில் இறுக்கி உட்கார்ந்திருக்கும் அம்மாவின் அப்பா, சிப்பாய். இடுப்பில் குண்டு பாய்ந்து அன்றே இறந்தார் என்கிறது பட்டாளத்துக் கடிதம். அதற்கு இரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவள் அம்மா. ஊர் வாய்க்குப் பயந்து, வாழ்நாள் முழுக்க வயதை இரண்டு கூட்டியே சொல்லி வருகிறாள். எலும்பு ஆய்வாளர் இடுப்பெலும்பின் ஓட்டையைத் அந்த அம்மாவின் தையல்காரி மகளிடம் காட்டி, துளிப் பஞ்சை அதன் விளிம்பில் மெல்ல இழுக்கிறார். "அன்னைக்கே செத்திருந்தா விளிம்பு உடைஞ்ச கண்ணாடி மாதிரி இருக்கும், பஞ்சு மாட்டும். உயிரோட இருந்தாத்தான் எலும்பு வளர்ந்து அதை மழுக்கும்." பஞ்சு வழுக்கிக்கொண்டு முழுச் சுற்று வருகிறது. ஓர் இழைகூடச் சிக்கவில்லை. மகள் குனிகிறாள். "ஓரம் மடிச்சுத் தைச்ச மாதிரி இருக்கே." "ஆமா. இப்படி ஆக ரெண்டு வருஷமாவது வேணும். கடிதம் எழுதினவர் அவசரப்பட்டுட்டார்." கதவோரத்திலிருந்து அம்மாவின் குரல் வருகிறது. "ஒரு ராத்திரி நொண்டிக்கிட்டே வீட்டுக்கு வந்தார், விடியறதுக்குள்ள திரும்பிப் போயிட்டார்னு எங்கம்மா சொல்லிக்கிட்டே இருந்தா. ஒருத்தரும் நம்பல." ஆய்வாளர் படிவத்தைப் புரட்டுகிறார். "இறந்தவரோட மகள்னு உங்க வயசு என்னம்மா போடட்டும்?" "எழுபத்தெட்" என்று தொடங்கியவள் நிறுத்துகிறாள். பையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து மேசையருகே வருகிறாள். "எழுபத்தாறு," என்கிறாள். "எழுத்தாலயும் எழுதிக்குங்க."