என் பெயர் ஒட்டிய பாட்டில்

“விக்கக் கூடாதுன்னுதானே சட்டம்? குடிக்கக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?” என்று கவுண்டரைத் தட்டினேன்.

பாரில் இருந்த அத்தனை பேரும் சோடாவிலிருந்து தலையைத் தூக்கினார்கள்.

தேர்தல் முடியும்வரை மது விற்பனை கிடையாது. பாரைத் திறக்கலாம். சோடா விற்கலாம். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கலாம். எழவு வீட்டில்கூட இதைவிடக் கலகலப்பு இருக்கும்.

எங்கள் பாரில் ஒரு வழக்கம் உண்டு. தினம் வருகிறவர்கள் முழு பாட்டிலாக வாங்கி, அதில் பெயரை ஒட்டி, அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போவோம். மறுநாள் வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். என்னுடையதில் ‘பெரிசு’ என்று ஒட்டியிருக்கும். அது தடைக்கு முன்னாலேயே வாங்கியது. அப்புறம் இதில் எங்கே வந்தது விற்பனை?

ஊற்றிக் கொடுக்கிறவனுக்குப் பட்டப்பெயர் சொட்டு. ஒரு சொட்டு கீழே சிந்த மாட்டான். மாட்டினால் பாருக்கு சீல், அவன் பிழைப்புக்கும் சீல். கை நடுங்கியிருக்க வேண்டும். நடுங்கவில்லை. என் பாட்டிலை எடுத்து, எப்போதும் போல ஊற்றினான்.

“எங்களுக்கு?” என்றார் மூலை மேஜைத் தையற்காரர்.

“உங்களுக்கெல்லாம் சட்டம் இருக்குண்ணே.”

“பெரிசுக்கு மட்டும் இல்லையா?”

“பெரிசுக்கு வயசாயிடுச்சு.”

என்னை நிறுத்தப் பார்த்தவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. முதலில் டாக்டர். ஈரலைப் படமெடுத்து வெளிச்சத்தில் பிடித்து, இனி ஒரு வாய் உள்ளே போனால் ஆள் போய்விடும் என்றார். போனது அவர்தான். ஒரு மாலை போட்டுவிட்டு நேரே இங்கே வந்து உட்கார்ந்தேன். அவருடைய நாற்காலிக்கு வந்த புது டாக்டர் புதுப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இருபது வயதுப் பையனின் ஈரல் மாதிரி இருக்கிறதே, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்றார். சொல்வேனா?

அடுத்து மனைவி. அழுதாள். பேச்சை நிறுத்தினாள். அண்ணன் வீட்டுக்குப் போனாள், அண்ணியின் சமையலைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். மூன்று வருடமாக ஒன்றும் சொல்வதில்லை.

டாக்டரால் ஆகவில்லை, கட்டியவளால் ஆகவில்லை, தேர்தலால் ஆகிவிடுமா? இந்த ஒரு நாள் வாயைக் கட்டிக்கொண்டு வீட்டில் கிடந்தால், என்னை எவனாலும் நிறுத்த முடியாது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்த சொல் என்னாவது?

இரண்டாவது கிளாஸில் வழக்கம்போல் பாட்டு வந்தது. மூன்றாவதில் தேர்தல் பறக்கும் படை வந்தது.

ஓர் அதிகாரி, அவருக்குப் பின்னால் ஜீப் ஓட்டுநர். சோடாக்காரர்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள். நான் கிளாஸை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.

“குடிச்சிருக்கேன். என்ன பண்ணணுமோ பண்ணுங்க.”

குடித்திருக்கிறோமா என்று ஊதிப் பார்க்கிற மெஷினை அதிகாரி நீட்டினார். ஈர விறகு அடுப்பை ஊதுகிற மாதிரி கன்னம் புடைக்க ஊதினேன்.

பூஜ்யம்.

மறுபடியும் ஊதினேன். மறுபடியும் பூஜ்யம்.

“என்னைக் கண்டா அதுக்கு பயம்,” என்றேன்.

மெஷினைச் சோதிக்க ஓட்டுநரை ஊதச் சொன்னார். “நான் எதுக்கு சார்?” என்று அவர் பின்வாங்கினார். அதிகாரி விடவில்லை. ஊதினார். மெஷின் பசித்த பிள்ளை மாதிரி வீறிட்டது.

அதிகாரி என் பாட்டிலை எடுத்தார். மோந்தார். உள்ளங்கையில் கொஞ்சம் விட்டு நக்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சொட்டுவைப் பார்த்தார். நான் கவனிக்கவில்லை என்று நினைத்து, கவுண்டருக்குப் பின்னால் சொட்டு கையெடுத்துக் கும்பிட்டான்.

அதிகாரி வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூன்று வருட வீம்பு அந்த மேஜைமேலேயே உயிரை விட்டிருக்கும்.

“மெஷின் ரிப்பேர்,” என்றார். “பாட்டில் முன்னாடியே வாங்கினது. விற்பனை இல்ல. கேஸும் இல்ல.”

பார் அதிர்ந்தது. எல்லாரையும்விட பலமாகக் கைதட்டியவர் ஓட்டுநர்தான். தையற்காரர் பாய்ந்து போய் அலமாரியில் தன் பாட்டிலைத் தேடினார். அதிகாரி குறுக்கே கையை நீட்டினார்.

“பெரியவருக்கு மட்டும்.”

“இதென்ன சார் ஓரவஞ்சனை!”

மெஷின்தான் ரிப்பேர் என்றாலும், என்னை வீட்டில் விடக் கிளம்பியபோது ஜீப்பை அதிகாரியே ஓட்டினார். ஓட்டுநரும் நானும் பின்னால் பாடிக்கொண்டு வந்தோம். தாளம் தப்பியது அவருக்குத்தான்.

வீட்டு வாசலில் தள்ளாடி இறங்கினேன். அதிகாரியின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு படியேறினேன். மனைவி கதவைத் திறந்தாள்.

“இன்னிக்குமா?”

“இன்னிக்கும்தான்! எவனால தடுக்க முடிஞ்சுது?”

அதிகாரி என்னவோ சொல்ல வாயெடுத்தார். அவள் ஒரு பார்வை பார்த்தாள். தேர்தல் நடத்துகிற மனிதர், வந்த வழியே சத்தமில்லாமல் படியிறங்கிப் போனார்.

அடுப்பில் நாளைக்கானது கொதித்துக்கொண்டிருந்தது. சர்க்கரை போடாத தேயிலைத் தண்ணீர், நாக்கில் சுருக்கென்று ஏற ஏதோ ஒரு வேர். பக்கத்தில் காலி பாட்டிலும் புனலும். வாசனை வாசல்வரை வந்தது.

எனக்கு மூக்கு செத்துப்போய் மூன்று வருடமாகிறது என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நம்பிவிட்டாள்.