காதுக்குள் ஒரு பாசி

அந்தத் திருப்பூர் பனியன் கம்பெனியின் காப்பகத்தில் விடும் பிள்ளைகளுக்கெல்லாம் காதுக்குள் கடுகளவில் ஒரு பாசிமணி வைத்துவிடுவார்கள். நடுக்காதில் கிருமி தலைகாட்டினால் பாசி சிவக்கும். தானே மருந்தையும் விட்டுவிடும். அம்மாமார் தையல் மிஷினை விட்டு எழ வேண்டியதே இல்லை.

அங்கே தைக்கும் நம் செண்பகாவின் மகள் இதழிக்கு அந்த வருஷம் ஒன்பதாவது தடவையாகப் பாசி சிவந்தது.

"மருந்து முந்திக்கிட்டே இருந்தா உடம்பு எப்பத்தான் சண்டை போடப் பழகும்?" என்றார் வீட்டிலேயே வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா. "பாசியக் கழட்டிட்டு ரெண்டு நாள் மருந்தில்லாம விட்டுப் பாக்கலாம். தினமும் கூட்டிட்டு வா. மோசமாச்சுன்னா நானே மருந்து தர்றேன்."

செண்பகா பாசியைக் கழற்றிக் கொண்டுபோய் சூப்பர்வைசர் லோகநாயகியின் மேஜையில் வைத்தாள்.

"பாசி இல்லீன்னா காப்பகம் இல்ல. லீவு போட்டா வேலையும் இல்ல. தெரியுமல்ல?"

"தெரியுமுங்க்கா. காது எம்புள்ளையோடது, கம்பெனியோடது இல்லீங்க."

இரண்டு நாளும் பிள்ளை காய்ச்சலோடு காதைப் பிடித்துக்கொண்டு அலறியது. மடியை விட்டு இறக்காமல் அவளும் கூடவே அழுதாள், பாவம். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. வேலை அதற்கு முன்பே போயிருந்தது.

அடுத்த மாதம் ஊரெல்லாம் சளி. இதழிக்கும் மூக்கு ஒழுகியது. காது மட்டும் வலிக்கவில்லை. அன்று செண்பகாவின் வாசலில் லோகநாயகி வந்து நின்றாள். இடுப்பில் அவள் மகன், காதில் சிவந்த பாசி.

"அந்த டாக்டரம்மா வீடு எங்க கண்ணு?"

"கூட்டிட்டுப் போறேன். ஆனா ரெண்டு நாள் லீவு வேணுமேக்கா, யாரு குடுப்பா?"

"கேட்டாத்தானே இல்லைம்பாங்க," என்று லோகநாயகி கழுத்திலிருந்த கம்பெனி அட்டையைக் கழற்றினாள்.