ஒன்ஸ்மோர் கன்னையா

பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டுப் பொழுது போகாத புத்தூர்ப் பெரியவர்கள், வேன் பிடித்துத் திருப்பதிக்குத் தெலுங்கு நாடகம் பார்க்க வந்திருந்தார்கள்.

ராஜா வேஷக்காரர் பாடி முடித்ததும் அவர்களில் ஒருவரான கன்னையா, "ஒன்ஸ்மோர்!" என்று கத்தினார். அப்படிக் கேட்டுவிட்டால் மறுபடி பாடுவதுதான் அங்கே மரியாதை. மூன்றாவது தடவை ராஜாவுக்கு மூச்சு வாங்கியது.

"ஒன்ஸ்மோர்!"

அடுத்த வீட்டுச் சங்கதி தெரியாவிட்டால் சோறு இறங்காத காஞ்சனா கேட்டாள்: "வேன் போய்டும்ண்ணா! பாட்டுன்னாலே ரேடியோவ அணைக்கிற ஆளு, இன்னாத்துக்கு இப்டிக் கத்திக்கினு கீறீங்க?"

"ராஜா யாருன்னு நெனச்சே? எங்க பழைய மேனேஜரு. நான் டைப் அடிச்ச லெட்டரெல்லாம் கிழிச்சுப் போட்டு, 'இன்னொரு தபா அடி'ம்பாரு. கம்ப்யூட்டர் வந்து என்னை வூட்டுக்கு அனுப்புற வரிக்கும்!"

மேடையில் ராஜா பூரித்துப்போய், கன்னையாவைக் கும்பிட்டுவிட்டு மறுபடி தொடங்கினார்.

காஞ்சனா சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "வேன் கெடக்குது. இன்னொரு தபா கேளுங்கண்ணா."