தங்கச்சி பேரு

கிரீஸின் சலோனிகா நகர யூதர்களின் நினைவுகளைப் பதிவு செய்துவந்த ரெய்னா, அன்று முதியவர் ஷவுலின் எதிரே ரெக்கார்டரை ஓடவிட்டாள்.

"ஜெர்மன்காரங்க எல்லாரையும் வதைமுகாமுக்கு ரயில்ல ஏத்தின அன்னிக்கு உங்ககூட யாரு இருந்தாங்க?"

"அடுத்த கேள்விக்குப் போகலாமே."

"இல்ல, இதுக்குப் பதில் வேணும்."

"தங்கச்சி. அஞ்சு வயசு. கூட்டத்துல அவ கையை விட்டுட்டு நான் மட்டும் ஓடிட்டேன்."

"அவ பேரு?"

அவர் ரெக்கார்டரைப் பார்த்தபடியே சொன்னார்.

"பலோமா."

ரெய்னா பதறிப்போய் ரெக்கார்டரை நிறுத்தினாள்.

"நம்ம பொண்ணுக்கு அந்தப் பேருதான் வைக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னீங்களே! இத்தனை வருஷமா ஏன் எங்கிட்ட சொல்லல?"

"மெஷினைப் பார்த்துச் சொல்லிட்டேன், ரெய்னா," என்றார் அவள் கணவர். "உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் தைரியம் வரல."